சிங்க் அடைச்சா ஆசிட் ஊத்தாதீங்க, அடியில பைப்பு அரிச்சுப் போவுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி, வேலப்பாடி இந்த பக்கமெல்லாம் பிளம்பர் வேலை பாக்கறவன். தண்ணி வரல, டேங்கர் வரல, குழாயில காத்து தான் வருதுன்னு உங்க பேப்பர்ல நிறைய செய்தி வருது, வரவும் வேணும். ஆனா வீட்டுக்குள்ள வந்த தண்ணி வெளிய போற வழின்னு ஒன்னு இருக்குது இல்ல, சிங்க் ஓட்டையில மாட்டற கப்ளிங்கு, அதுக்கு அடியில நாத்தம் மேல வராம கொஞ்சம் தண்ணிய தேக்கி வெக்கற பாட்டில் ட்ராப்பு, வேஸ்ட் பைப்பு, அத பத்தி யாரும் எழுதறதில்ல. நம்ம ஊர்ல அது சீக்கிரமா அரிச்சுப் போவுது. தண்ணி உப்பு ஒரு காரணம் தான், ஒத்துக்கறேன், ஆனா பெரிய காரணம் நாம கையால எடுத்து ஊத்தற ஆசிட்டு. அத நிறுத்தினாலே பாதி வீட்டுல பைப்பு பொழச்சிக்கும், அதுக்காக தான் இந்த லெட்டர்.

சமீபத்துல சத்துவாச்சாரில ஒரு வீட்டுக்கு போனேன். அந்த அக்கா சொன்னாங்க, "லேசா தான் ஒழுவுதுப்பா, ஒரு வாஷர் மட்டும் மாத்திட்டு போயிடு"ன்னு. கீழ கதவ தொறந்து பாத்தா முன்பக்கம் ட்ராப்பு கண்ணாடி மாதிரி மின்னுது, யார் பாத்தாலும் புதுசுன்னு தான் சொல்லுவாங்க. பின்பக்கம் கைய விட்டா சொரசொரன்னு பச்சையா ஒரு படலம், அதுக்கு மேல வெள்ளையா உப்பு பூத்துக்கினு இருக்குது. நட்ட லேசா திருப்பினேன், ஸ்பேனர் கூட போடல, வெறும் கையால தான், நட்டு அப்பளமா உடைஞ்சி கையில வந்துடுச்சி. உடைஞ்ச இடத்த வெளிச்சத்துல காட்டினேன், பித்தளன்னா மஞ்சளா இருக்கணும் இல்ல, அந்த இடம் ரோஸ் கலந்த செவப்பா இருந்துது, நகத்தால சொரண்டினா பொடி உதுருது. அதே கப்போர்டுல ஓரமா ஆசிட் பாட்டில், மூடி சரியா போடாம. கதவோட கீலு ரெண்டும் துரு புடிச்சி பொறிஞ்சி போயிருக்குது. கேஸ் சிலிண்டர் அங்க தான் நிக்குது, அதோட அடி வளையம் சொட்டற தண்ணியில நனைஞ்சி துருவேறி தரையில செவப்பு வட்டம் போட்டிருக்குது. வாஷர் மாத்தி ஆவற வேலையா அது?

அந்த செவப்பு எதனாலன்னு நிறைய பேருக்கு தெரியாது. பித்தளன்றது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புத்தண்ணி, புளிப்புத்தண்ணி, ஆசிட்டு இதெல்லாம் பட்டுக்கினே இருந்தா அதுல இருக்கற துத்தநாகம் மட்டும் கரைஞ்சி வெளிய போயிடும், செம்பு மட்டும் ஓட்ட ஓட்டயா நிக்கும். பாக்க முழுசா இருக்கற மாதிரியே இருக்கும், பலம் மட்டும் இருக்காது. மரை போட்ட இடத்துல ஏற்கனவே கனம் கம்மி, அதனால மொதல்ல அங்க தான் உடையும். மேல பளபளன்னு இருக்குதே அந்த முலாம், அது ரொம்ப ரொம்ப மெல்லிசு, அதுவும் வெளிப்பக்கம் தான் நல்லா ஏறும், குழாயோட உள்பக்கத்துல சரியா போயே சேராது. தண்ணி நிக்கறது உள்பக்கம். அதனால வெளிய பளபளப்ப பாத்து நல்லா இருக்குதுன்னு முடிவு பண்ணாதீங்க, நட்டுக்கு கீழ பச்சையா வெள்ளையா எதாவது பூத்துக்கினு இருந்தா அங்க மெதுவா கசியுதுன்னு அர்த்தம்.

இப்ப தண்ணி விஷயத்துக்கு வரேன். காவிரி தண்ணி மேட்டூர்லேர்ந்து வருது, அத குடிக்க சமைக்க புடிச்சி வெச்சிக்கறோம். பாத்திரம் கழுவறது, சிங்க்ல ஓடறது எல்லாம் பெரும்பாலும் போர் தண்ணி. குடிக்கற தண்ணிக்கு இந்திய தர அளவு, ஐ.எஸ். 10500ன்னு சொல்லுவாங்க, அதுல டி.டி.எஸ்., அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு மொத்தம், லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இருக்குது, உப்புல இருக்கற குளோரைடு மட்டும் 250, வேற வழியில்லன்னா 1000. நம்ம பக்கம் பல போர்ல வாயில வெச்சாலே உப்பு கரிக்குது. பாலாத்துல பெரும்பாலான நாள் மணல் தான் இருக்குது, தண்ணிய காணோம், அந்த பக்கம் ஆம்பூர் வாணியம்பாடி ராணிப்பேட்டைல தோல் பதப்படுத்தற எடத்துலேர்ந்து போன உப்பு நிலத்தடியில எறங்கிடுச்சி. தோல் கெட்டுப்போவாம இருக்க உப்பு தடவி தான் வெப்பாங்க, அத கழுவற தண்ணில அவ்ளோ உப்பும் போவும், சாதாரணமா சுத்திகரிச்சா அழுக்கு போவும், கரைஞ்ச உப்பு போவாது. இதுக்காக வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட்டு கெடுத்தவன் தான் செலவு பண்ணணும்னு தீர்ப்பு குடுத்துச்சி, நாடு பூரா இன்னிக்கும் அந்த தீர்ப்ப எடுத்து காட்டறாங்க. தீர்ப்பு வந்துடுச்சி, மண்ணுல எறங்கின உப்பு மட்டும் அவ்ளோ சீக்கிரம் போவல. அந்த குளோரைடு தான் எவர்சில்வரையும் புள்ளி புள்ளியா ஓட்ட போடுது, பித்தளையையும் அரிக்குது.

இதுல புதுசா ஒன்னு சேந்திருக்குது, குடிக்கற தண்ணிலேர்ந்து உப்ப பிரிக்கற ஆர்.ஓ. மெஷின். தப்புன்னு சொல்லல, உப்புத்தண்ணி ஊர்ல அது வேணும் தான். ஆனா அது வெளிய தள்ற கழிவுத்தண்ணி இருக்குது பாருங்க, நல்ல தண்ணிலேர்ந்து பிரிச்ச உப்பு பூரா அதுல தான் இருக்குது, போர் தண்ணிய விட கெட்டி. அந்த சின்ன டியூப கொண்டாந்து சிங்க்ல தொங்க விட்டுடறாங்க. நாள் பூரா ஒரே எடத்துல சொட்டு சொட்டா விழும், விழுந்த எடத்துல வெள்ளையா படியும், கப்ளிங்கு வளையத்த சுத்தி நிக்கும், அப்பறம் ட்ராப்புக்குள்ள போயி தங்கும். மெஷின் மாட்ட வர்றவங்களுக்கு அது தான் ஈசி. நீங்க அந்த டியூப தனியா ஒரு பக்கெட்டுலயோ பின்பக்கம் கழுவற எடத்துக்கோ விட சொல்லுங்க, கக்கூஸ்க்கு ஊத்த அந்த தண்ணி போதும்.

ஆசிட்டுக்கு வரேன். சிங்க் அடைச்சிக்குது, தண்ணி தேங்குது, உடனே பாத்ரூம் கழுவற ஆசிட்ட எடுத்து ஒரு கப்பு ஊத்திடறாங்க. குபுகுபுன்னு நுரை வரும், சத்தம் வரும், அழுக்கு கரையுதுன்னு நெனைச்சிக்கறாங்க. சமையல் சிங்க்ல அடைக்கறது எண்ணெய் பிசுக்கு, சோத்துக்கஞ்சி, காபித்தூள், பருப்பு தோலு. பாத்ரூம் ஆசிட்டுன்றது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டு, அதுக்கு எண்ணெய் பிசுக்கு கரையவே கரையாது. கரையறது உப்புக்கறை, கூடவே துத்தநாகம், இரும்பு. உலோக ட்ராப்பா இருந்தா நுரை வர்றப்ப அதுவும் சேந்து தான் கரையுது. எவர்சில்வர் மேல கண்ணுக்கு தெரியாத ஒரு தோல் இருக்கும், குரோமியமும் காத்தும் சேந்து தானா உண்டாவறது, அது இருக்கற வரைக்கும் துரு வராது, ஆசிட்டு பட்டா அந்த தோலு போயிடும், அப்பறம் நம்ம உப்புத்தண்ணி பட்டா புள்ளி விழ ஆரம்பிச்சிடும். ஆசிட்ட ஊத்தவே வேணாம், மூடி லூசா இருக்கற பாட்டில அந்த கப்போர்டுக்குள்ள வெச்சாலே போதும், அந்த ஆவியிலேயே கீலு, ஸ்க்ரூ, ட்ராப்பு எல்லாம் துரு புடிக்கும். நான் போற வீட்டுல கப்போர்டு கீல மட்டும் பாத்தே உள்ள ஆசிட்டு பாட்டில் இருக்குதா இல்லயான்னு சொல்லிடுவேன்.

அத விட பயமான விஷயம் ஒன்னு இருக்குது. மொதல்ல டிரெய்ன் கிளீனர் பொடி போடுவாங்க, அது காஸ்டிக் சோடா, பிசுக்க கரைக்கும், ஆனா அலுமினியம் துத்தநாகம் ரெண்டையும் தின்னும், தண்ணி பட்டா நல்லா சூடாவும். அடைப்பு போவலன்னா பொறுமை இல்லாம அது மேலயே ஆசிட்ட ஊத்துவாங்க, கொதிச்சி மூஞ்சிக்கு தெறிக்கும். ப்ளீச்சிங் பவுடர் இருக்கற எடத்துல ஆசிட்ட ஊத்தினா குளோரின் கேஸ் கெளம்பும், ஜன்னல் சாத்தின கிச்சன்ல நின்னா நெஞ்சு அடைக்கும், ஆள் விழுந்துடுவாங்க. எல்லாம் முடிஞ்சி அடைப்பு போவாம எங்கள கூப்பிடுவாங்க, உள்ள இன்னா ஊத்தனாங்கன்னு சொல்ல மாட்டாங்க, நாங்க வெறுங்கையோட ட்ராப்ப கழட்டுவோம். தயவு செஞ்சி பிளம்பர் வந்தா மொத வார்த்தையா இன்னா ஊத்தனீங்கன்னு சொல்லிடுங்க, எங்க கண்ணு சம்பந்தப்பட்ட விஷயம் அது.

2013லேயே சுப்ரீம் கோர்ட்டு ஆசிட்ட சில்லறையா விக்கறதுக்கு கட்டுப்பாடு போட்டுச்சி, வாங்கறவங்க அடையாள அட்டை காட்டணும், ரிஜிஸ்டர்ல எழுதணும், 18 வயசுக்கு கீழ குடுக்கவே கூடாதுன்னு. அது பொண்ணுங்க மேல ஆசிட் வீசறத தடுக்க வந்த ஆர்டரு. இன்னிக்கும் லேபிள் இல்லாத பாட்டில்ல தெருவுல கூவி வித்துக்கினு போறத பாக்கறேன், வீட்டுல இருக்கற சின்ன பசங்க கூட வாசல்ல நின்னு வாங்கறாங்க. இத அதிகாரிங்க பாக்கணும்.

சாப்பாட்டு விஷயத்துலயும் கொஞ்சம் கவனம் வேணும். பித்தள குத்துவிளக்க புளி போட்டு தேச்சா பளிச்சுன்னு ஆவுது இல்ல, அது மேல இருக்கற கறுப்ப புளி கரைச்சி எடுக்கறதால தான். அதே புளித்தண்ணி, மோரு, இட்லி மாவு கழுவின தண்ணி, ஊறுகா உப்பு எல்லாம் ராத்திரி பூரா ட்ராப்புல நின்னா அங்கயும் அதே வேலைய தான் பண்ணும், விளக்க நாம கழுவிடறோம், ட்ராப்ப யாரு கழுவறாங்க. அதனால கடைசி பாத்திரம் கழுவி முடிச்சதும் குழாய தொறந்து கொஞ்ச நேரம் வெறும் தண்ணிய ஓட விடுங்க, உள்ள நிக்கறது புளிப்பு இல்லாத வெறும் தண்ணியா இருக்கட்டும். மீந்த சோறு எண்ணெய் எதுவும் உள்ள போவக்கூடாது, தட்ட வழிச்சி குப்பையில போட்டுட்டு அப்பறம் கழுவுங்க, ஓட்டை மேல ஜாலி, அதான் அந்த சல்லடை தட்டு, இல்லாத சிங்க்ல பாத்திரம் கழுவாதீங்க. உள்ள தங்கின சோறு அழுவினா அழுகின முட்டை நாத்தம் வரும் பாருங்க, அந்த கேஸும் பித்தளைய கறுக்க வெச்சி அரிக்கும். வடிச்ச கஞ்சிய கொதிக்க கொதிக்க அப்படியே சிங்க்ல ஊத்தறது நம்ம வீட்டு பழக்கம், பிவிசி பைப்பு 60 டிகிரிக்கு மேல சூடு தாங்காது, இளகி வளைஞ்சி ஜாயிண்டு விட்டுடும், கஞ்சி ஆறினதும் உள்ள பசை மாதிரி ஒட்டிக்கும். எங்கம்மா அத தொட்டியில ஊத்தி மாட்டுக்கு வெப்பாங்க. மாடு இல்லாத தெருன்னா ஆற வெச்சி நெறைய தண்ணி கலந்து ஊத்துங்க.

கடையில வாங்கறப்ப ஏமாறாதீங்க. பித்தளன்னு சொல்லி குடுக்கறதுல நிறைய துத்தநாகத்த உருக்கி வார்த்து மேல முலாம் போட்டது. பாக்க வித்தியாசமே தெரியாது. மரை இருக்கற எடத்துல ஒரு ஓரமா கத்தி முனையால கீறி பாருங்க, மஞ்சளா தெரிஞ்சா பித்தள, சாம்பலா வெள்ளையா தெரிஞ்சா இல்ல. கைக்கு லைட்டாவும் இருக்கும். கடக்காரர் கீற விட மாட்டேன்னா வேற கடைக்கு போங்க, வேலூர் லாங் பஜார்ல கடைக்கா பஞ்சம். எவர்சில்வர் கப்ளிங்குக்கு நிறைய பேரு காந்தம் எடுத்துக்கினு வராங்க, ஒட்டலன்னா நல்ல சரக்குன்னு வாங்கிடறாங்க. அது சரியான டெஸ்டு கிடையாது, எவர்சில்வர்ல 304, 202ன்னு ரகம் இருக்குது, ரெண்டுலயும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. 304ல குரோமியம் நூத்துக்கு 18, நிக்கல் 8 இருக்கும், 202ல நிக்கல் கொறைச்சி மாங்கனீசு சேத்திருப்பாங்க, விலை கம்மி, நம்ம ஊர் உப்புக்கு தாங்காது. 304ன்னு பொருள் மேலயே அடிச்சிருக்குதான்னு பாருங்க, பில்லுல எழுதி வாங்குங்க. எழுதி தர மாட்டேன்னு சொன்னா அங்கயே தெரிஞ்சிடும்.

என்ன கேட்டா, கப்போர்டுக்குள்ள மறைஞ்சி இருக்கற ட்ராப்புக்கு பளபளப்பு எதுக்கு? நல்ல கெட்டியான பிளாஸ்டிக் ட்ராப்பு போடுங்க, உப்பும் ஒன்னும் பண்ணாது புளியும் ஒன்னும் பண்ணாது, விலையும் கம்மி. சுருங்கி விரியற வளைவு பைப்பு இருக்குதே, மடிப்பு மடிப்பா, அது வேணாம், ஒவ்வொரு மடிப்புலயும் பிசுக்கு நிக்கும், நடுவுல தொங்கி போயிடும். ஹால்ல கண்ணுக்கு தெரியற வாஷ்பேசினுக்கு பளபளன்னு வேணும்னா அசல் பித்தள வாங்கி போடுங்க. அப்பறம் ஜாலி நடுவுல ஒரு ஸ்க்ரூ வரும், சுத்தி எல்லாம் எவர்சில்வர், அந்த ஸ்க்ரூ மட்டும் இரும்பு. உப்புத்தண்ணில ரெண்டு வேற வேற உலோகம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கினு இருந்தா பலவீனமானது சீக்கிரமா அரிக்கும், அதனால அந்த ஸ்க்ரூ தான் மொதல்ல போவும், அப்பறம் கழட்டவே வராது, அறுத்து தான் எடுக்கணும். வாங்கும்போதே எவர்சில்வர் ஸ்க்ரூவா மாத்திக்கோங்க. வேலூர்ல கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கம் பழைய வீடுங்கள்ல சுவத்துக்குள்ள இன்னும் ஜி.ஐ. பைப்பு, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு இருக்குது, அதுல நேரா பித்தள ட்ராப்ப மாட்டினா ஜி.ஐ. மேல இருக்கற துத்தநாகம் போயி இரும்பு துருவேறி சுவரு ஊறும், ஊறின சுவத்துல சுண்ணாம்பு கொட்டும். நடுவுல ஒரு பிவிசி துண்டு குடுத்து சேத்தா ரெண்டும் ஒட்டாது, சின்ன வேலை, ஆனா நிறைய பேரு பண்றதில்ல.

அடைப்புக்கு வழி இன்னான்னு கேப்பீங்க. பாட்டில் ட்ராப்போட அடி கப்பு கையாலயே கழட்டற மாதிரி தான் செஞ்சிருக்காங்க. கீழ ஒரு பக்கெட் வெச்சி, கப்ப திருப்பி எடுத்து, உள்ள இருக்கற பிசுக்க குப்பையில தட்டிட்டு, பழைய பிரஷ்ஷும் சோப்பும் போட்டு தேச்சி மாட்டினா முடிஞ்சிது. வாஷர் கெட்டியா கல்லு மாதிரி ஆயிருந்தா அத மட்டும் மாத்துங்க. பைப்பு ரெஞ்ச நேரா முலாம் மேல போட்டா பல்லு பட்டு கீறல் விழும், கீறல்ல தான் அரிப்பு ஆரம்பிக்கும், ஒரு துணி சுத்திட்டு புடிங்க, அதுவும் கை அழுத்தத்துக்கு மேல கொஞ்சமா போதும், ரொம்ப முறுக்கினா நட்டு விரிசல் விடும். அதுக்கு அப்பறமும் அடைப்பு இருந்தா ரப்பர் பம்பு போட்டு அழுத்துங்க. பேக்கிங் சோடா வினிகர் போட்டா போவுமான்னு கேக்கறாங்க, பைப்புக்கு பெரிய கெடுதி இல்ல, பெரிய பலனும் இல்ல. சிங்க்ல இரும்பு கம்பி நாருல தேச்சிட்டு அத அங்கயே ஈரத்தோட போட்டு வெக்காதீங்க, அதோட துரு சிங்க்ல ஏறும். ப்ளீச்சிங் பவுடர ராத்திரி தூவி காலையில கழுவறதும் வேணாம்.

மாசத்துல ஒரு நாள் படிச்சி முடிச்ச பேப்பர ஒன்ன அந்த ட்ராப்புக்கு அடியில விரிச்சி வெச்சி காலையில பாருங்க, ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காட்டி குடுத்துடும். சித்திரை லீவுக்கு ஊருக்கு போறவங்க கெளம்பறதுக்கு முன்னாடி சிங்க்க கழுவி நல்ல தண்ணி ஓட விட்டுட்டு போங்க. அக்னி வெயில்ல ட்ராப்பு தண்ணி வத்த வத்த உள்ள உப்பு கெட்டியாவும், பூரா வத்திட்டா சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வரும்.

கடைசியா வாடகை வீட்டு பிரச்சனை. ஒரு குடும்பம் வீடு காலி பண்றப்ப, சிங்க்குக்கு கீழ பலகை ஊறி போச்சின்னு வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல பெரிய தொகை புடிச்சிக்கினாரு. ட்ராப்ப கழட்டினது நான் தான், அது துத்தநாக சரக்கு, வீடு கட்டும்போதே மலிவா போட்டது, அவங்க வந்ததுக்கு அப்பறம் யாரும் எதுவும் மாத்தல. சொன்னேன், யாரும் காதுல வாங்கல, அந்த குடும்பத்து பொண்ணு அழுதுக்கினே தான் சாவிய குடுத்துச்சி. அதனால வாடகைக்கு போறவங்க பெயிண்ட பாக்கறதோட நிக்காம சிங்க்குக்கு கீழ தொறந்து பாத்து போன்ல ரெண்டு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அன்னிக்கே அனுப்பி வெச்சிடுங்க. அபார்ட்மெண்ட் கட்டறவங்க டைல்ஸ்க்கும் லிஃப்ட்டுக்கும் அவ்ளோ செலவு பண்றாங்க, ஒரு சிங்க்குக்கு 304 கப்ளிங்கும் நல்ல ட்ராப்பும் போட சில நூறு ரூபா தான் கூட ஆவும், வீடு வாங்கறவங்க புக் பண்றப்பவே அத கேளுங்க. உங்க பேப்பர்ல வீட்டுக்குறிப்பு போடறப்ப அடைப்புக்கு ஆசிட்டுன்னு யாராவது எழுதி அனுப்பினா அத மட்டும் போடாதீங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
காட்பாடி.